நம்பரைக் கேட்காமல் விலை சொல்லாத இன்ஜெக்டர் கடை

நாமக்கல் வட்டாரத்தில் டீசல் பம்பு, நாசில் வேலை செய்யும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. லாரிகளும் டேங்கர்களும் பாடி கட்டும் பட்டறைகளும் நிறைந்த ஊர். பக்கத்திலேயே திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகள். ஆயினும் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் எதற்குப் பதிலாக எதைப் போடலாம், எதைப் போடவே கூடாது என்பதைக் காரணத்தோடு எடுத்துச் சொல்லும் கடைகள் குறைவு. சேலம் சாலையில் இருக்கும் இந்தக் கடையை அந்த ஒரு காரணத்துக்காகவே பரிந்துரைக்கிறேன்; குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

எங்கள் டாடா லாரி ஒன்றில் இருப்பது கம்மின்ஸ் 5.9 லிட்டர் காமன் ரயில் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், மேட்டில் பிக்கப் குறைவு, கரும்புகை என்று ஓட்டுநர் சொன்னதும், ஆறு இன்ஜெக்டர்களையும் மாற்ற என்ன ஆகும் என்று தொலைபேசியில் கேட்டேன். "வண்டி மாடல் அப்புறமுங்க, இன்ஜெக்டர் மேல இருக்கிற நம்பரை மொதல்ல சொல்லுங்க" என்றார் கடைக்காரர். வேறு இடங்களில் எஞ்சின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் விலை வந்துவிடும். இங்கே கழற்றிக் கொண்டுபோய்க் காட்டும்வரை விலை வரவில்லை.

அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. 5.9 என்பது கொள்ளளவு மட்டுமே. 1993-இல் டாடாவும் கம்மின்ஸும் கூட்டு நிறுவனம் தொடங்கியதற்குப் பின் ஜாம்ஷெட்பூரில் தயாரான இந்த வரிசையில், இன்லைன் பம்பு வைத்த 6பிடி வகையும் உண்டு, மின்னணுக் கட்டுப்பாட்டோடு வந்த ஐஎஸ்பிஇ காமன் ரயில் வகையும் உண்டு. முன்னதன் இன்ஜெக்டர், பம்பு அனுப்பும் டீசல் சுமார் 250 பார் அழுத்தத்தை எட்டும்போது ஸ்பிரிங்கை எதிர்த்துத் தானே திறப்பது. பின்னதில் ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தம் ரயிலிலேயே தேங்கி நிற்க, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு கட்டளையிடும் கணத்தில் சோலனாய்டு திறக்கிறது. இந்த இரண்டும் மாறிப்போக வழியில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். சிக்கல் காமன் ரயிலுக்குள்ளேயே இருக்கும் வெவ்வேறு வகைகளில்தான்.

கடைக்காரர் ஒரு இன்ஜெக்டரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, உடலில் பொறித்திருந்த பத்து இலக்கங்களை வாய்விட்டுப் படித்தார். பாஷ் நிறுவனத்தின் கனரக வாகன இன்ஜெக்டர்கள் 0445120 என்று தொடங்கும்; கார் வகைகள் பெரும்பாலும் 0445110; பழையதை வாங்கிப் புதுப்பித்து நிறுவனமே விற்பது 0986 என்று தொடங்கும். கடைசி மூன்று இலக்கங்களில்தான் வகை வேறுபடுகிறது. பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண்ணை நிறுவனமே அறிவித்திருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, புதிய எண் கேட்கும் எஞ்சினில் பழையதைப் போடலாம் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. கடையின் கணினியில் இந்த மாற்று எண் பட்டியல் இருக்கிறது. கேட்டால் திரையைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

இணையத்தில் "கம்மின்ஸ் 5.9-க்குப் பொருந்தும்" என்று மலிவாக வருவதைப் பற்றியும் கேட்டேன். அமெரிக்க டாட்ஜ் ராம் பிக்கப் வண்டியைச் சான்று காட்டினார்கள், அது பொருத்தமான சான்றும்கூட. 2003-இல் அந்த வண்டிக்குக் காமன் ரயில் வந்தபோது 305 குதிரைத்திறன்; 2004-இன் நடுவில் அது 325 ஆனபோது, பிஸ்டன் தலையின் கிண்ணமும் மாறியது, தெளிப்புக் கோணமும் ஏறத்தாழ 143 டிகிரியிலிருந்து 124 டிகிரியாகக் குறுகியது. இரண்டு இன்ஜெக்டரும் ஒரே துளையில் உட்காரும், எஞ்சினும் ஓடும். ஆனால் குறுகிய கோணத்துக்கான பிஸ்டன் மேல் அகலக் கோணத்து இன்ஜெக்டரை வைத்தால், டீசல் கிண்ணத்துக்குள் விழாமல் விளிம்பில் மோதிச் சிலிண்டர் சுவரில் வழியும். ஆயில் படலம் கழுவப்பட்டு, ஆயிலில் டீசல் கலந்து, ரிங்கும் சுவரும் தேயும். போட்ட அன்றைக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

இன்ஜெக்டரின் தெளிப்பு முனையான நாசிலை மட்டும் மாற்றினாலும் இதே கணக்குதான். டி.எஸ்.எல்.ஏ. 143 பி 970 என்பது போல நாசிலின் மேல் எழுதியிருப்பதில், எழுத்துகளை அடுத்து வரும் மூன்று இலக்கம் தெளிப்புக் கோணம். 'மைக்கோ' என்றே இன்றும் பாஷைச் சொல்லும் மூத்த மெக்கானிக்குகளுக்கு இது கைவந்த விஷயம். கூரியரில் இன்ஜெக்டர் வாங்கும் இன்றைய உரிமையாளர்கள் பலர் அந்த எண்ணைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் வண்டியில் இரண்டு இன்ஜெக்டர்களில் ரிட்டர்ன், அதாவது தெளிக்கப்படாமல் திரும்பிப் போகும் டீசல், அதிகமாக இருந்தது. டெஸ்ட் பெஞ்சில் ஐடில், பைலட் (முதலில் தெளிக்கும் சிறு அளவு), முழுச் சுமை என்று தனித்தனியே அளந்து அச்சிட்டுக் கொடுத்தார்கள். சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டிலிருந்து இன்ஜெக்டருக்குள் நுழையும் இணைப்புக் குழாயையும் கேட்டு வாங்கி, அதன் கூம்பு முனையைப் பூதக்கண்ணாடியில் காட்டினார் அங்குள்ள பையன். சீராக ஒரு வளையம் பதிந்திருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு கீறல் தெரிந்தது. அதை மாற்றாமல் புது இன்ஜெக்டரைப் போட்டிருந்தாலும் அங்கே கசிந்து, காலை ஸ்டார்ட்டிங் தொந்தரவு அப்படியே இருந்திருக்கும். காப்பர் வாஷரின் தடிமனையும் அளந்தே கொடுத்தார்கள். அது மாறினால் நாசில் முனை நீளும் அளவு மாறி, சரியான கோணமும் தவறான இடத்தில் விழும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒவ்வொரு இன்ஜெக்டரும் தெளிக்கும் அளவிலுள்ள சிறு வேறுபாட்டைச் சரிக்கட்டும் திருத்தக் குறியீட்டை இசியுவில் ஏற்ற வேண்டிய எஞ்சின்களில், எண் பொருந்தினாலும் குறியீடு ஏற்றாவிட்டால் வேலை முழுமையாகாது. டெல்ஃபி நிறுவனத்தின் இன்ஜெக்டரில் அந்தக் குறியீடு, வகையைப் பொறுத்து, எழுத்தும் எண்ணுமாக 16 அல்லது 20 இடம். இந்தக் கடையில் குறியீட்டை எழுதித் தருகிறார்கள், ஆனால் ஏற்றித் தருவதில்லை. அதற்கு ஸ்கேனர் உள்ள வேறு இடத்தையோ கம்பெனி சர்வீஸையோ தேட வேண்டும். இது பெரிய குறை.

கூலி மலிவல்ல. வேறு மெக்கானிக் பொருத்தினால் உத்தரவாதம் செல்லாது என்பதை வாயால் சொல்கிறார்களே தவிர, ரசீதில் அச்சிடவில்லை. காமன் ரயிலுக்கு ஒரே ஒரு டெஸ்ட் பெஞ்ச்தான் இருப்பதால், ரிக் வண்டிகள் வரிசைகட்டும் நாட்களில் காத்திருக்க நேரும். இன்ஜெக்டர்களைக் கழற்றும்போதே சிலிண்டர் வரிசை எண்ணைக் குறித்து, இணைப்புக் குழாய்களையும் சேர்த்துக் கொண்டுபோனால் இரண்டாம் நடை மிச்சமாகும்.