காலேஜ் படிக்கும்போது வேலை: பர்கர் கடையா, பைக் டெலிவரியா?

பி.காம். இரண்டாம் ஆண்டில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பைக்கில் உணவு டெலிவரி செய்தேன். டிசம்பரில் வேளச்சேரியில் ஒரு பர்கர் கடையில் சேர்ந்து, படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்தேன். கடைப் பக்கம்தான் சாய்ந்து பேசப் போகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெலிவரியில் நினைத்த நேரத்தில் ஆப்பைத் திறக்கலாம், மூடலாம். கடையில் ஷிஃப்ட், யூனிஃபார்ம், தலைக்குத் தொப்பி. டியூஷனும் உண்டு. கணக்கு நன்றாகச் சொல்லித்தர வருமென்றால் இந்த இரண்டையும்விட அது மேல். எனக்கு வரவில்லை.

சரி, காசுக்கு வருவோம். காலேஜில் முதல் ஷிஃப்ட், அதாவது காலை வகுப்பு என்பதால் மாலை எனக்குக் காலி. ஆறு முதல் பத்து வரை ஓட்டினால் நல்ல நாளில் 450 ரூபாய் வரும். கடையில் அதே நான்கு மணி நேரத்துக்குப் பிடித்தம் போக 280. பெரும்பாலோர் கணக்கை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், செலவை நோட்டில் எழுத ஆரம்பிக்கும்வரை.

ஒரு மாலைக்கு 60 கிலோமீட்டர் ஓடும். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்கு யாரும் காசு தருவதில்லை, ஆனால் அந்தத் தூரத்துக்கும் பெட்ரோல் எரியும். அண்ணனின் பழைய பல்சர் சிக்னல் சிக்னலாக நின்று போனால் லிட்டருக்கு 42தான் கொடுத்தது. அப்போது பெட்ரோல் 102 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஆக, தினம் சுமார் 145 ரூபாய் அங்கேயே போய்விடும். மூன்று மாதத்தில் 4,500 கிலோமீட்டர். அதற்குள் ஆயில் மாற்றினேன், பிரேக் ஷூ மாற்றினேன், செயின் ஸ்ப்ராக்கெட் செட் போட்டேன், பின் டயரும் வழவழவென்று ஆகிவிட்டதால் அதையும் மாற்றினேன். எல்லாம் சேர்த்து நாளுக்கு 60 ரூபாய் வைத்தால் மிச்சம் 245. அதுவும் நல்ல நாளில்.

இதில் மழையைச் சேர்க்கவில்லை. சென்னையில் வடகிழக்குப் பருவமழையும் நவம்பர் செமஸ்டர் தேர்வும் ஒன்றாக வரும். மழை பெய்தால் ஆர்டருக்குக் கூடுதல் பணம் காட்டும், நாளைக்குப் பரீட்சை என்றாலும் கை ஆப்பைத் தேடும். அப்படி ஒரு ராத்திரி வேளச்சேரி விஜயநகர் பக்கம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சைலன்சருக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் வாங்கியது 2,300 ரூபாய். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டிய காசு. மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் தேர்வில் கண் சொருகியது இன்னும் நினைவிருக்கிறது.

கடையில் ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல், ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடும். தேர்வு அட்டவணையை முன்கூட்டியே மேனேஜரிடம் கொடுத்தால் ஷிஃப்ட்டைக் குறைத்துப் போடுவார். ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. சம்பளத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தார்கள். ஃப்ரையர் எண்ணெய் மணிக்கட்டில் தெறித்தபோது இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் செலவில்லாமல் மருந்து கிடைத்தது. தெருமுனை ஷவர்மா கடையில் இதை எதிர்பார்க்க முடியாது. 20 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பி.எஃப். கட்டாயம், அதனால் சேரும் முன் கேட்டுவிடுங்கள்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. கால் வலிக்கும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது, ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஆர்டர் குவியும்போது யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. க்ளோசிங் ஷிஃப்ட் இன்னும் மோசம். ஃப்ரையர் கழுவி, எண்ணெய் வடிகட்டி, தரைப் பிசுக்கைத் தேய்த்து வெளியே வர 12 ஆகிவிடும். காலை 8.30க்கு வகுப்பு இருக்கிறவர்கள் வெள்ளி, சனிக்கு மட்டும் க்ளோசிங் கேளுங்கள். அப்புறம், நடந்து வீட்டுக்குப் போகும் தூரத்தில் கடை பாருங்கள்.

என் கணக்கு பழைய பெட்ரோல் வண்டிக்கானது, அதுவும் தென்சென்னையில் மூன்றே மாதம் ஓட்டியவனுடையது. இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்து ஓட்டும் நண்பனுக்குத் தினச் செலவு என்னுடையதில் கால்வாசிகூட இல்லை. அவன் வண்டிக்கு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பேட்டரி மாற்றும் நாள் வந்தபிறகு அவன் நோட்டையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.