பி.காம். சேர்க்கை என்று ரூ. 48,500 ஏமாந்தேன்: வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று மாலைதான் உறுதியானது. பத்து மாதமாக நான் படித்துக்கொண்டிருந்த பி.காம். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. ரூ. 48,500 போய்விட்டது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பதினொரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். டேலி, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் என் பொறுப்பு. படிப்பு மட்டும் பிளஸ் டூ. நான் வேலை சொல்லிக்கொடுத்த பையன்கள் பட்டத்தைக் காட்டி எனக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டார்கள். மகள் எட்டாவது, மகன் மூன்றாவது, கணவருக்கு இரவுப் பணி. தொலைநிலைக் கல்வியை விட்டால் எனக்கு வழியில்லை.

சைதாப்பேட்டையில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு வடபழனிப் பக்கம் ஒரு மாடி ஏறினேன். வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் 'சேர்க்கை மையம்' என்று பலகை. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தார்கள். எனக்கு அதுவே பெரிய உதவியாகத் தெரிந்தது.

மகனையும் கூட்டிப்போயிருந்தேன். மேசையில் இருந்தவர் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு என்னிடம், "வேலை, வீடு, குழந்தைகள், இதற்கு நடுவில் எப்போதக்கா படிப்பீர்கள்?" என்று கேட்டார். என் வீட்டில்கூட யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அங்கேதான் விழுந்தேன். "மூன்று வருடம் எதற்கு? போன வருடமே சேர்ந்ததாகப் போட்டுவிடலாம், இரண்டே வருடத்தில் பட்டம்" என்று அவர் அடுத்துச் சொன்னபோது எழுந்து வந்திருக்க வேண்டும். ஒரு வருடம் மிச்சமாகிறதே என்று எனக்கும் ஆசை. அதை மறைக்க மாட்டேன்.

அன்றே ரொக்கமாக ரூ. 5,000. மறுவாரம் ரூ. 25,000, ஜிபேயில், ஒரு தனிநபரின் எண்ணுக்கு. தேர்வுக் கட்டணம் என்று ரூ. 18,500, சங்கிலியை அடகு வைத்து. ஆக ரூ. 48,500. அலுவலகத்தில் பத்து ரூபாய் டீச் செலவுக்கும் வவுச்சர் கேட்கிறவள் நான். அவர்கள் தந்த ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. 'சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று மட்டும் இருந்தது. ஜிஎஸ்டி எண்ணும் கிடையாது. இப்படி ஒரு பில் கம்பெனிக்கு வந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். என் பணம் என்றதும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நகலெடுத்த புத்தகங்கள் தந்தார்கள். திருநின்றவூரிலிருந்து பட்டரவாக்கம் வரை ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கூட்டாண்மைக் கணக்கு போட்டேன். ஒரு வியாபாரத்தின் நற்பெயருக்கு (குட்வில்) எப்படிப் பண மதிப்பு போடுவது என்று பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தது இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

தேர்வு எப்போது என்று கேட்டதும் அலைக்கழிப்பு தொடங்கியது. முதலில் சர்வர் பழுது. பிறகு பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம். பிறகு "சார் ஊரில் இல்லை." நேரில் போனால் வேறொரு பெண், "உங்கள் கோப்பு தலைமை அலுவலகத்தில் இருக்கிறது மேடம்" என்கிறார். அக்கா மேடமாகிவிட்டேன். கடைசியாகப் பணத்தைக் கேட்டபோது ரசீதைத் திருப்பிப் படித்துக் காட்டினார்கள்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "உங்கள் டெப் ஐடி என்ன?" என்று கேட்டாள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தொலைநிலையில் சேரும் மாணவர் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தளத்தில் தானே பதிந்து பெற வேண்டிய எண் அது. நேற்று பல்கலைக்கழகத்துக்கே போன் செய்தேன். என் சேர்க்கை எண்ணைக் கேட்டுவிட்டு, "இது எங்கள் எண்ணே இல்லை" என்றார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மகன் சாப்பாட்டுக்கு நிற்கிறான். சுருக்கமாக: எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தலாம் என்று யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பட்டியல் இருக்கிறது, அதில் பாருங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். பி.காம். என்றால் பொதுவாக மூன்று வருடம், போன வருடமே சேர்ந்ததாகப் போட்டு இரண்டே வருடத்தில் தருகிறேன் என்றால் இறங்கி வந்துவிடுங்கள். இணையத்தில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். நான் தாமதித்துவிட்டேன்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். அதே மாடியில் பணம் கட்டிய இன்னும் இரண்டு பெண்கள் சனிக்கிழமை என்னோடு வருகிறார்கள். மூவரும் ஜிபே பதிவுகளை அச்செடுத்து வைத்திருக்கிறோம். என் பங்கு ரூ. 48,500. அதை வாராக்கடன் என்று எழுத இன்னும் மனம் வரவில்லை.