குன்னூரில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் கவனத்துக்கு

என் கணவருக்கு வேலை மாற்றம் வந்து போன மே மாதம் குன்னூருக்குக் குடிவந்தோம். மேல்குன்னூரில் இரண்டு அறை வீடு, வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. புதுப் பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. பின்னறைச் சுவர் முழுக்கப் பிளைவுட் அடித்திருந்தார்கள். "குளிர் தாங்கும்மா, குழந்தை இருக்கிற வீடு" என்றார் வீட்டுக்காரர். அக்கறையாகச் சொல்கிறார் என்று நம்பினோம்.

குன்னூரில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வெயில் காலத்தில் பார்க்கும் வீடு எதையும் காட்டிக்கொடுக்காது. அக்டோபர் கடைசியில் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. அப்புறம் துணிமணியெல்லாம் பூஞ்சணம். பையனுக்கு இரவெல்லாம் இளைப்பு. என் கணவர் பலகையைக் கழற்றினார். உள்ளே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, அதன்மேல் மூன்று தடவை பூசிய சிமெண்ட். தண்ணீர் ஊற்றுப்போல வழிந்துகொண்டிருந்தது. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால், மண்ணைத் தாங்கும் தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. நீர் வடிவதற்காகச் சுவரில் விட்டிருந்த ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள்! ஓட்டையை அடைத்தால் தண்ணீரின் அழுத்தம் முழுவதும் சுவர்மேல் விழும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று இரவு நாங்கள் மூவரும் முன்னறையில் தூங்காமல் உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்து வீட்டுப் பாட்டி காலையில் சொன்னார்: "நீங்க மூணாவது குடும்பம் கண்ணு. மழை வந்தா காலி பண்ணிடுவாங்க."

ஆக, வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தேதான் மறைத்திருக்கிறார். கேட்டால், "மலைன்னா ஈரம் இருக்கத்தாம்மா செய்யும்" என்கிறார். ஈரம் வேறு, சரியப்போகும் சுவர் வேறு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆவது பிரிவு, முதல் விதியே இதுதான்: குடியிருப்பவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ளாதவரை இது அவர் கடமை. பலகைக்குப் பின்னால் இருப்பதை நாங்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

நவம்பரில் காலி செய்தோம். பெயிண்ட், பலகை சேதம் என்று கழித்து 25,000 மட்டும் தந்தார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, கழிக்க வேண்டிய பாக்கி இருந்தால் கழித்து, மீதி அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவே கூடாது. ஆனால் எங்களிடம் இருந்தது முத்திரைத்தாளில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்யவில்லை. "அதெல்லாம் எதுக்கு சார், செலவு" என்று புரோக்கர் தட்டிக்கழித்தார், நாங்களும் விட்டுவிட்டோம். அதனால்தான் இன்று மீதி 35,000 ரூபாய்க்கு அலைகிறோம். படங்களோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், பதில் இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். தடுப்புச்சுவரில் நீர் வடியும் ஓட்டை திறந்திருக்கிறதா, சுவர் நேராக நிற்கிறதா என்று கவனியுங்கள். இதற்கு முன் இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். "சுவரிலோ மண்ணிலோ எனக்குத் தெரிந்த குறை எதுவும் இல்லை" என்று வீட்டுக்காரரை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். வாசலில் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்குகிறது, உள்ளே பெயிண்ட் அடிக்கிறார்கள். மேல்குன்னூரில் பின்சுவர் முழுக்கப் பலகை அடித்த வீட்டை யாராவது காட்டினால், முதலில் அந்தப் பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.