பனி விழும் நியூயார்க்: ஹாஸமா, ஹென்றியா?

ஒரே ஊர், ஒரே பனி. இரண்டு அமெரிக்க ஓவியர்கள், இரண்டு வருட இடைவெளி. 1900-இல் சைல்ட் ஹாஸம் வரைந்த 'பின்மாலை, நியூயார்க், குளிர்காலம்' முழுக்க நீலமும் ஊதாவும். கட்டடங்கள் பனித்தூவலில் கரைகின்றன. ஜன்னல்களில் மட்டும் மஞ்சள் பொட்டுகள். குளிர் தெரிகிறது, ஆனால் உறைப்பதில்லை.

ராபர்ட் ஹென்றியின் 'நியூயார்க்கில் பனி' (1902) நேரெதிர். பழுப்பும் சாம்பலும்தான். தெருவைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள்: சுத்தமான வெள்ளையே அரிது. சேறு கலந்த பனியில் தூரிகை இழுத்த தடமே வண்டிச் சக்கரத் தடமாகிவிடுகிறது. இருபுறமும் இருண்ட வீடுகள் நெருக்குகின்றன. சோகம் என்று சட்டென்று சொல்லிவிடலாம்; எனக்கென்னவோ வேலைநாள் அலுப்பாகத்தான் படுகிறது.

வரவேற்பறையில் மாட்ட ஹாஸம், சரி. குளிரில் பிழைப்புக்கு அலைபவரின் மனநிலை வேண்டுமென்றால் ஹென்றிதான்.