சிறுகதைத் தொகுப்புக்கு நூறு பிரதி பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

பாளையங்கோட்டையிலோ நெல்லை டவுனிலோ இருந்துகொண்டு முதல் சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு இன்று கைக்கெட்டும் வழி, ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ (வேண்டிய அளவு மட்டும் அச்சிடும்) முறையில் நூறு பிரதி அச்சிட்டுத் தரும் பேக்கேஜ்தான். பிழைதிருத்தம், லேஅவுட் (பக்க வடிவமைப்பு), அட்டை, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்), அச்சு, பைண்டிங் எல்லாம் ஒரே தொகைக்குள் வந்துவிடும். கோப்பை மெயிலில் அனுப்பினால் பார்சல் வீடு வந்து சேரும். இந்தச் சேவைகளில் அச்சு நன்றாகவே இருக்கிறது, பைண்டிங்கும் பெரும்பாலும் பரவாயில்லை. கோட்டை விடுவது அச்சுக்கு முந்தைய வேலையில். நெல்லைப் பேச்சில் எழுதிய கதைகள் என்றால் சேதம் இன்னும் அதிகம்.

‘பிழைதிருத்தம் இலவசம்’ என்று போட்டிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். பல இடங்களில் மென்பொருளை ஒருமுறை ஓடவிட்டு, வட்டார வழக்கு தெரியாத ஒருவர் மேலோட்டமாகப் பார்ப்பதற்குப் பெயர்தான் பிழைதிருத்தம். ‘வளவுக்குள்ள ஆளில்ல’ என்பது ‘வளைவுக்குள்ள ஆளில்ல’ ஆகிவிடும். ஒரே வாசலுக்குள் வரிசையாக இருந்த வீடுகள் காணாமல்போய், அங்கே ரோட்டுத் திருப்பம் வந்து நிற்கும். ‘என்னவே, சோலி முடிஞ்சுதா?’ என்பதில் ‘எனவே’ நுழையும். ‘பைய நட’ (மெதுவாக நட) என்பது ‘பையா நட’ ஆகும். ‘ஏட்டி’யை ‘ஏடி’ ஆக்கினால் பேசுகிறவளின் ஊரே மாறிப்போகிறது. ‘தார்சா’வைத் ‘திண்ணை’ என்று திருத்துகிறவர்களும் உண்டு. நெல்லை வீட்டில் இரண்டும் வேறு வேறு இடம். புதுமைப்பித்தனும் வண்ணநிலவனும் எழுதிய பேச்சுக்கு இந்தக் கதி நேரக்கூடாது.

இதற்குத் தீர்வு ஒரு சொற்பட்டியல். தொகுப்பில் வரும் வட்டாரச் சொற்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்துமுறையை முடிவு செய்யுங்கள். ‘பொறவு’ என்றால் பன்னிரண்டு கதையிலும் ‘பொறவு’தான், நடுவில் ‘பொறகு’ வரக்கூடாது. கதைசொல்லியின் வாக்கியங்களுக்கு மட்டும் இலக்கணத் திருத்தம், உரையாடலில் கைவைக்கக் கூடாது என்று பட்டியலின் தலையில் எழுதி, கோப்போடு சேர்த்து அனுப்புங்கள். கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சுக்கு கி. ராஜநாராயணன் 1982இல் கொண்டுவந்த ‘கரிசல் வட்டார வழக்கு அகராதி’ கைகொடுக்கும். தாமிரபரணிக் கரைப் பேச்சுக்கு அது முழுக்கப் போதாது. ஊர்க்காரர் ஒருவரை உரையாடல்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்வதுதான் வழி. அவர் நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே பிழை இருக்கும்.

புரூஃப் (பிழை பார்க்கும் நகல்) குறைந்தது இரண்டு முறை, லேஅவுட் முடிந்த பக்கத்தைத் தாளில் எடுத்துப் பார்க்க வேண்டும். திருத்தம் போடும்போது வரிகள் நகர்ந்து, முதல் புரூஃபில் சரியாக இருந்த இடத்தில் புதுப் பிழை முளைக்கும். ஒரு புரூஃபுக்கு மேல் தரமாட்டோம் என்கிற பேக்கேஜை விட்டுவிடலாம்.

எழுத்துருவிலும் கண்டம் உண்டு. நீங்கள் யூனிகோடில் தட்டியிருப்பீர்கள். சில லேஅவுட் மேசைகளில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களும்தான் ஓடுகின்றன. மாற்றும்போது மேற்கோள்குறி, மூன்று புள்ளி, நீண்ட கோடு, ‘ஸ்ரீ’ இவைதான் முதலில் உடையும். இன்டிசைன் மென்பொருளில் செய்கிறவர்கள் அதிலுள்ள ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைப் போடாமல் விட்டால் ‘கெ’, ‘கே’, ‘கொ’ எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்காமல் இடம் மாறிவிடும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருப்பது தாளில் கண்ணுக்குத் தெரியாது, மின்னூல் போடும்போது தேடலில் சிக்காது. கோப்பில் ‘ஒள’ என்று தேடி, ‘ஒளி’, ‘ஒளிந்து’ போன்றவை தவிர மற்றதை மாற்றிவிடுங்கள். வரி மடிப்பையும் பாருங்கள்: ‘க்கு’ என்றோ ‘ல்’ என்றோ புள்ளியெழுத்தில் வரி தொடங்கினால் அந்தப் பக்கத்தை யாரும் கண்கொண்டு பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அளவு டெமி 1/8 (வழக்கமான கதைப்புத்தக அளவு) போதும். இரண்டாயிரம் சொல் கொண்ட பன்னிரண்டு கதை, 11 பாயிண்ட் எழுத்தில், முன்பக்கங்களும் சேர்த்து ஏறக்குறைய 128 பக்கம் வரும். அதாவது 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிபடும் பக்கத் தொகுதி) எட்டு. டிஜிட்டல் அச்சில் 130 பக்கம் போனாலும் தொந்தரவில்லை. பின்னால் ஆஃப்செட்டுக்கு (தகடு செய்து மொத்தமாக அச்சடிக்கும் முறைக்கு) போகும்போதுதான் அந்த இரண்டு பக்கம் ஒன்பதாவது பாரத்தை இழுக்கும். 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாளில் 128 பக்கத்துக்கு முதுகு (தாள்கள் ஒட்டப்படும் ஓரம்) ஆறு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதில் பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தால் பைண்டிங்கில் கொஞ்சம் நகர்ந்தாலும் அட்டைக்கு ஏறிவிடும்.

அட்டை 300 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன் என்பது வழக்கம். லேமினேஷன் வெளிப்பக்கம் மட்டும் இருப்பதால், ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை உள்பக்கம் குடித்து அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். கட்டைப் பிரிக்காமல், கிடையாக, மேலே கனமான எதையாவது வைத்து அடுக்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நூறு பிரதிக்குச் சொல்லும் முன் மாதிரிப் பிரதி ஒன்றை வாங்கி, நடுப்பக்கத்தை விரித்துக் கையால் அழுத்திப் பாருங்கள். முதுகில் பசை வெடித்தாலோ தாள் கழன்றாலோ வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பக்கங்கள் விறைத்துக்கொண்டு திறக்கவே மறுத்தால் தாளின் இழை (நார் ஓடும் திசை) முதுகுக்குக் குறுக்காகப் போயிருக்கிறது. இழை முதுகுக்கு இணையாக வரும்படி தாளை வெட்டச் சொல்ல வேண்டும்.

ஐஎஸ்பிஎன் என்று தனிக் கட்டணம் போட்டிருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது, விண்ணப்பம் இணையத்தில். சேவைக்காரர் தன் எண்ணைத் தந்தால் பதிப்பாளர் அவர்தான். நாளை நீங்களே வேறு அச்சகத்தில் போட்டால் புது எண் வேண்டும். ஒப்பந்தத்தில் உரிமை பற்றிய வரியைக் கட்டாயம் வாசியுங்கள். பதிப்புரிமையை எழுத்தில் ஒப்படைத்து, காலம் குறிப்பிடாமல் விட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். அச்சடித்துத் தர மட்டும் காசு வாங்குகிறவருக்கு ஐந்து நாள்கூட உரிமை தர வேண்டியதில்லை.

ஆக, பேக்கேஜாக வாங்காமல் அச்சு, பைண்டிங் இரண்டை மட்டும் வாங்குங்கள். பிழைதிருத்தத்தை வழக்கு தெரிந்த ஒருவரிடம் தனியாகக் காசு கொடுத்துச் செய்யுங்கள். அட்டையில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, இதில் பிடிக்காதீர்கள்.

நூறு பிரதியில் நான்கு நூலகங்களுக்கு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். கடைகள் 30 முதல் 40 சதவீதம் கழிவு கேட்கும். 150 ரூபாய் புத்தகத்துக்கு 35 சதவீதம் போனால் கையில் 97 ரூபாய் 50 காசு. அடக்கவிலை அதற்கு நன்றாகக் கீழே இல்லையென்றால் விலையைத் திரும்பப் போடுங்கள். நெல்லைப் புத்தகத் திருவிழாவில் ஒரே ஒரு தொகுப்புக்காகத் தனி அரங்கு எடுப்பது கட்டாது; அரங்கு போடும் விற்பனையாளரிடம் பத்துப் பதினைந்து பிரதி கொடுத்து வைக்கலாம். தலைப்பு, பிரதி எண்ணிக்கை, கழிவு, கணக்குத் தீர்க்கும் தேதி, இந்த நான்கும் எழுதிய ரசீது கைக்கு வராமல் கட்டை இறக்காதீர்கள்.