பெண் ஃபெரட்டின் பருவகாலம்: கத்தியா, ஊசியா, குச்சியா, ஆண் துணையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூன் மாதப் பகல் பத்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம்; டிசம்பரில் பதினான்கைத் தொடும். ஃபெரட், கீரிபோல் நீண்ட உடலுள்ள வளர்ப்பு விலங்கு; அதில் பெண்ணின் உடம்பு இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. பகல் நீள ஆரம்பித்ததும், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ இணை சேரும் பருவத்துக்கு வரும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து, அமெரிக்க நாட்காட்டிப்படி எழுதப்பட்டவை. அதில் 'மார்ச்சுக்கு முன்' என்று இருந்தால் நமக்கு 'செப்டம்பருக்கு முன்' என்று ஆறு மாதம் தள்ளிப் படிக்க வேண்டும். வீட்டுக்குள் இரவு பதினோரு மணி வரை விளக்கு எரிகிற கூடத்தில் கூண்டு இருந்தால் அந்தக் கணக்கும் போய்விடும்: விளக்கு வெளிச்சத்தையும் அது பகலாகவே எடுத்துக்கொள்ளும், குளிர்காலத்திலேயே பருவத்துக்கு வந்து நிற்கும். மாலை ஆறு மணிக்குக் கூண்டின்மேல் தடித்த துணி போடுவது சின்ன வேலை, பலன் பெரிது.

இதில் உயிர் ஆபத்து எங்கே வருகிறது? பெண் ஃபெரட்டுக்கு இணை சேர்ந்தால்தான் முட்டை வெளிப்படும். சேராவிட்டால் பருவம் முடியாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளலாம். அவ்வளவு நாளும் ரத்தத்தில் உயர்ந்தே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையை முடக்கும். சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தட்டு மூன்றும் குறையும். ஒரு மாதம் தாண்டிவிட்டால் நாள்களை எண்ணிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

பசியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், பசியை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். குளிர்காலத்தில் நன்றாகத் தின்று கொழுத்து, கோடையில் இளைப்பது ஃபெரட்டின் இயல்பு. கருத்தடை அறுவை செய்யாத விலங்குக்கு எடையில் மூன்றில் ஒரு பங்குவரைகூட ஏறி இறங்கலாம். ஜூலையில் 900 கிராம் இருந்தது டிசம்பரில் 650 ஆனால், அது ஒன்றை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. பருவத்தில் இருக்கும்போது தீனியை விட்டுவிட்டு அலையும், தூக்கம் குறையும். ஜனவரி வெக்கையும் பசியைக் கெடுக்கும், ஏனென்றால் வியர்த்துச் சூட்டைத் தணிக்க அதனால் முடியாது. டர்பன் ஈரக்காற்றில் 28 டிகிரிக்கே தவித்துப்போகும்.

அதனால் சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்து எழுதிவையுங்கள். நிறுக்கும்போதே வாலைத் தூக்கிப் பாருங்கள்: பிறப்புறுப்பு வீங்கி ஈரமாக இருந்தால் அதுதான் பருவத்தின் முதல் நாள், தேதியைக் குறியுங்கள். பிறகு உதட்டை மெல்ல விலக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் இருந்தால் சரி. அரைத்த தேங்காய்போல் வெளுத்திருந்தாலோ, ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, பின்கால் தள்ளாடினாலோ, மலம் கறுத்திருந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வாலிலிருந்து இருபுறமும் ஒரே சீராக முடி உதிர்வதும் கவனிக்க வேண்டிய அறிகுறி.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம். பருவம் தொடங்குகிற அதே நாள்களில்தான் புரட்டாசியும் வருகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் அந்த மாதம் முழுக்கக் கறி கிடையாது. ஃபெரட் முழு இறைச்சி உண்ணி. பருப்புச்சாதமும் பாலும் அதற்குத் தீனி ஆகாது. இறைச்சிப் புரதம் 35 சதவீதத்துக்கு மேலும் கொழுப்பு 20 சதவீதம் அளவிலும் உள்ள உலர்தீனியை வெளிக்கொட்டகையில் தனி டப்பாவில் வைத்துக் கொடுத்தால் விரதமும் கெடாது, விலங்கும் பட்டினி கிடக்காது.

இனி வழிகள். வீட்டில் ஒன்றிரண்டு பெண் ஃபெரட் மட்டும் வளர்ப்பவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு குச்சிதான், அதாவது தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின். 4.7 மில்லிகிராம் குச்சியைத் தோள்பட்டைகளுக்கு நடுவே பருமனான ஊசியால் செலுத்துவார்கள். வெட்டு, தையல் எதுவும் இல்லை. பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு தாங்கும். சிங்கம், சிறுத்தை, காட்டுநாய் ஆகியவற்றுக்குக் கருத்தடையாக இந்தத் தென்னாப்பிரிக்காவிலேயே பயன்பட்டிருக்கும் மருந்து இது. பலர் சறுக்குவது முதல் இரண்டு மூன்று வாரங்களில். குச்சி இனப்பெருக்க ஹார்மோன் சுரப்பை அடக்குவதற்கு முன் ஒருமுறை தூண்டிவிடும், அதனால் புதிதாக வீக்கம் தெரியலாம். 'மருந்து வேலை செய்யவில்லை' என்று பயப்பட வேண்டாம். ஆனால் மூன்று வாரம் தாண்டியும் வற்றாவிட்டால் திரும்பக் காட்ட வேண்டும். ஜூலையில் வைத்துவிட்டால் இந்தத் தூண்டல் பருவத்துக்கு முன்பே அடங்கிவிடும். பதினெட்டாம் மாதத்திலிருந்து மறுபடி வாலைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அவசியம். குச்சி தீர்ந்துபோனதை வேறு எதுவும் சொல்லாது.

சினைப்பை, கருப்பை நீக்கும் அறுவை ஒரே செலவு, திரும்ப யோசிக்க வேண்டியதில்லை, கருப்பை நோயும் வராது. ஆனால் சினைப்பை போனதும் மூளையடிச் சுரப்பிக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது. அது ஓயாமல் அனுப்பும் தூண்டல் சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பியைப் போய்த் தாக்கி, சில ஆண்டுகள் கழித்து வால்முடி உதிர்வாகவும் அரிப்பாகவும் வெளிவரும். அறுவை முடிந்த பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வீங்கினால் இந்த நோயோ, உள்ளே தங்கிவிட்ட சினைப்பைத் துண்டோதான் காரணமாக இருக்கும். குச்சியை நாங்கள் முன்னே வைப்பது இதனால்தான்: அதே மருந்து அட்ரீனல் நோய்க்குச் சிகிச்சையாகவும் கொடுக்கப்படுகிறது. அறுவைதான் என்று முடிவானால், நாய்க்குச் சொல்வதுபோல் இரவு முழுக்கப் பட்டினி போடாதீர்கள். ஃபெரட்டின் குடல் மூன்று நான்கு மணி நேரத்தில் காலியாகிவிடும். அவ்வளவு நேரம் போதும். அதற்கு மேல் போனால் ரத்தச் சர்க்கரை இறங்கும்.

பருவத்தைத் தடுக்கும் ஹார்மோன் மருந்தான புரோலிஜெஸ்டோன் ஊசிக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 50 மில்லிகிராம், தோலுக்கடியில், பருவம் தொடங்கும் முன் ஒரு தடவை. பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பருவம் முழுவதும் தாங்கும். சிலவற்றுக்கு நடுவில் திரும்பிவிடும். போடும்போது எரியும், போட்ட இடத்தில் முடி வெளுக்கலாம். ஒவ்வோர் ஆகஸ்டிலும் மறக்காமல் போகக்கூடியவர்களுக்குத்தான் இது சரி. மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பே கேட்டுவையுங்கள்.

விந்துக்குழாய் வெட்டிய ஆண், நான்கைந்து பெண் வைத்திருப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். வெட்டிய பிறகு ஆறு எட்டு வாரம் கழித்தே சேர்க்க வேண்டும். அதற்குள் சேர்த்தால் குட்டி பிறக்கலாம். சேர்க்கை முடிந்ததும் சுமார் ஆறு வாரப் பொய்ச்சினை: பெண் துணியை இழுத்துக் கூடு கட்டும், வயிறு பெருக்கும், பசி கிளம்பும். முடிந்ததும் மறுபடி பருவம், மறுபடி ஆண். ஆண் பெண்ணின் பிடரியைக் கவ்வி இழுப்பதில் புண்ணும் ஆகும், நாற்றமும் வீட்டை விடாது.

தவறவிட்டுப் பருவம் ஓடிக்கொண்டிருந்தால் முட்டையை வெளிப்படுத்தும் ஹார்மோனான எச்.சி.ஜி. ஊசி 100 யூனிட், தசையில். பருவம் தொடங்கிப் பத்து நாளாவது ஆகியிருந்தால்தான் பிடிக்கும். தேதி குறித்து வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். பல தடவை போட்டால் ஒவ்வாமை வரலாம், ஆகவே ஆண்டுதோறும் இதையே நம்பக் கூடாது.

ஈறு வெளுத்த பிறகு இரும்பு டானிக் ஊற்றிப் பயனில்லை. மஜ்ஜை மூடிக் கிடக்கிறது. அந்த நிலையில் உடனே அறுவைக்குப் போவதும் ஆபத்து, ரத்தத்தட்டுகள் குறைந்ததால் ரத்தம் உறையாது. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 45 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டியது. 20க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவதைப் பற்றி மருத்துவர் பேசுவார். ஃபெரட்டுக்கு ரத்த வகைப் பொருத்தம் பார்க்கும் தொல்லை இல்லை. வீட்டில் நோயில்லாத பெரிய ஆண் ஃபெரட் இருந்தால், ரத்தம் கொடுக்க அதையும் இன்னொரு பெட்டியில் வைத்துக் கூடவே எடுத்துப்போங்கள்.