சத்தால்ஹூயுக் முதல் ஹிட்டைட்டுகள் வரை: அங்காராவின் அனத்தோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகம்

எழுத்து தோன்றுவதற்கு முன் வாழ்ந்த மக்களை ஒருபுறமும், எழுத்தும் அரசும் கண்ட ஆதி நாகரிகங்களை மறுபுறமும் நிறுத்தி, நடுவே ஒரு மதிலை எழுப்பிப் படித்தே நமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த மதில் எவ்வளவு மெல்லியது என்பதைக் கண்ணால் கண்டு தெளிய விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, துருக்கியின் தலைநகர் அங்காராவில் கோட்டைச் சரிவில் அமைந்துள்ள அனத்தோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தைத்தான் (அனத்தோலியா என்பது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி). 1997இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருதைப் பெற்ற இடம் இது. எனினும், அந்த விருதைக் காட்டிலும் இதன் அமைப்பே இதற்குப் பெரிய சான்று என்பது என் கருத்து.

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த மூடிய சந்தை ஒன்றும் அதையொட்டிய வணிகர் சத்திரம் ஒன்றும் செப்பனிடப்பட்டு அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ளன. பத்துக் குவிமாடங்களைக் கொண்ட நடுக்கூடத்தில் பெரிய கற்சிற்பங்களும், அதைச் சுற்றிவரும் நடைகூடத்தில் காலவரிசைப்படி மற்ற பொருள்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. நுழைந்ததும் வலப்புறமாகத் திரும்பினால், அந்தால்யா அருகிலுள்ள கரைன் குகையின் கற்கருவிகளில் தொடங்கி, புதிய கற்காலம், செம்புக்காலம், வெண்கலக்காலம், அசீரிய வணிகர் காலம், பின்னர் இந்நிலத்தில் அரசுகள் அமைத்த ஹிட்டைட்டுகள், பிரிஜியர், உரார்ட்டியர் என்று நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம். பலரும் ஒரு சுற்றோடு வெளியேறிவிடுகிறார்கள். ஆனால் இந்த அருங்காட்சியகம் தன்னுடைய முழுப் பொருளையும் தருவது இரண்டாவது சுற்றில்தான். முதல் சுற்றில் காலம் புரியும். இரண்டாவது சுற்றில், ஏற்கெனவே பார்த்த பொருள்கள் நினைவில் இருக்க, ஒற்றுமைகள் கண்ணில் படத் தொடங்கும்.

புதிய கற்காலப் பகுதியின் உயிர் சத்தால்ஹூயுக். கோன்யா சமவெளியில் கி.மு. 7100 அளவில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்த இந்த மேட்டை, 1958இல் அடையாளம் கண்டு 1961 முதல் 1965 வரை அகழ்ந்தவர் தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட். தெருக்களே இல்லாமல் ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட பச்சைமண் செங்கல் வீடுகள், கூரை வழியாக ஏணியில் இறங்கும் வாயில், படுக்கும் மேடைக்கு அடியிலேயே புதைக்கப்பட்ட மூதாதையர் என அங்கு கண்டவை எல்லாமே அன்றைய ஆய்வுலகத்தை வியப்பில் ஆழ்த்தின. சுவரில் காட்டு மாட்டுத் தலைகள் பதிக்கப்பட்ட ஓர் அறையை அருங்காட்சியகத்தில் மீண்டும் அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். பரந்து விரிந்த அந்தக் கொம்புகள், வீட்டுக்குள் வாழ்ந்தவர்கள் எந்த விலங்கை அஞ்சினார்கள், எதைக் கொண்டாடினார்கள் என்பதை விளக்கப் பலகையின் துணையின்றியே உணர்த்திவிடுகின்றன.

இப்போது சில காட்சிப்பேழைகளைக் கடந்து அலஜாஹூயுக் என்ற வெண்கலக்கால ஊரின் அரச கல்லறைகளுக்கு வாருங்கள். காலம் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டின் நடுப்பகுதி. அதாவது சத்தால்ஹூயுக் கைவிடப்பட்டு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழிந்துவிட்டன. பொன் மகுடங்களும் வெண்கலக் கொடிமுடிகளும் (கம்பத்தின் உச்சியில் பொருத்தும் உருவங்கள்) வந்துவிட்டன. ஆனால் அந்தக் கொடிமுடிகளில் நிற்பவை காளையும் கலைமானும். கல்லறைகளை மூடிய மரக்கூரையின் மேல் மாட்டுத் தலைகளையும் கால்களையும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். இன்னும் நடந்தால் ஹிட்டைட்டுகளின் தலைநகரான ஹத்துஷாவிலிருந்து வந்த இரண்டு சுடுமண் காளைகள். ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமுள்ள அவை, உண்மையில் முதுகில் ஊற்றிய பானம் மூக்குத்துளை வழியாக வழியும்படி செய்யப்பட்ட வழிபாட்டுக் கலங்கள். நடுக்கூடத்துக்குள் போனால், அலஜாஹூயுக்கின் ஸ்பிங்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு) வாயிலை அணிசெய்த கற்பலகையில், ஓர் அரசனும் அரசியும் பீடத்தின் மேல் நிற்கும் காளையை வணங்கி நிற்கிறார்கள். மண்சுவரில் பதித்த கொம்பிலிருந்து அரசகுலத்தின் வழிபாடு வரை, இந்த நிலத்தில் காளையின் இடம் அசையவில்லை.

இதை அறுபடாத ஒரே மரபு என்று சொல்லிவிடக் கூடாது. மொழிகளும் மக்களும் பலமுறை மாறிய மண் இது. ஒற்றுமை வேறு, தொடர்ச்சி வேறு. புகழ்பெற்ற அமர்ந்த பெண்ணுருவம் இந்த எச்சரிக்கைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1961இல் சத்தால்ஹூயுக்கின் ஒரு தானியக் குதிரிலிருந்து கிடைத்த அந்தச் சுடுமண் உருவம் ஒரு சாண் உயரம்கூட இல்லை. இருபுறமும் நிற்கும் பெரும்பூனை விலங்குகளின் தலைமேல் கைகளை ஊன்றிக் கம்பீரமாக வீற்றிருக்கிறாள் (அவளுடைய தலை பிற்காலத்தில் பொருத்தப்பட்டது). மெல்லார்ட் இவளைத் தாய்த்தெய்வம் என்றார். நடுக்கூடத்தில் சிங்கத்தின் மேல் அமர்ந்திருக்கும் கார்கெமிஷ் நகரத்துப் பெண்தெய்வமான குபாபாவைப் பார்க்கும்போது அப்படிச் சொல்லத்தான் மனம் விரும்பும். ஆனால் 1993 முதல் கால் நூற்றாண்டுக் காலம் சத்தால்ஹூயுக்கில் அகழாய்வை வழிநடத்திய இயன் ஹாடரின் குழு, இத்தகைய சிற்றுருவங்களில் பல குப்பைக் குவியல்களில் கிடைப்பதைச் சுட்டிக்காட்டி, தெய்வம் என்ற முடிவை எளிதில் ஏற்க மறுத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமையை அப்படியே நம்பிவிடாமல் நிறுத்தி யோசிக்க வைப்பதையும் இந்த அருங்காட்சியகத்தின் பயன்களுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

என்னை எல்லாவற்றையும்விட அதிகமாக ஈர்த்தது அசீரிய வணிகர் காலப் பகுதி. கைசேரி அருகிலுள்ள கூல்தெப்பேயில் கி.மு. 20 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை தங்கியிருந்த அசுர் நகரத்து வணிகர்கள், ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் கொண்டுவந்து வெள்ளிக்கும் பொன்னுக்கும் விற்றார்கள். அவர்கள் விட்டுச்சென்ற களிமண் பலகைகள் இருபதாயிரத்துக்கும் மேல். அனத்தோலியாவில் எழுத்து தொடங்குவதே அவற்றோடுதான். கையகலப் பலகை, அதன்மேல் களிமண்ணாலேயே செய்த உறை, உறையின் மேல் உருட்டிய முத்திரை என்று ஒவ்வொன்றும் ஒரு சிறு அலுவலகம். இதுதான் நாகரிகம் என்று தோன்றும். ஆனால் சத்தால்ஹூயுக் பேழையில் சுடுமண் முத்திரைகளும், கப்படோக்கியா எரிமலைகளிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுவரப்பட்ட எரிமலைக் கண்ணாடிக்கல்லும் இருக்கின்றனவே! அந்தக் கல்லை முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்து மெருகேற்றியவர்கள் எழுத்தறியாதவர்கள். தொலைதூரப் பண்டமும், தன்னுடையது என்று குறியிடும் பழக்கமும் எழுத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் மூத்தவை.

இதைவிட ஆழமான ஒற்றுமை ஒன்று உண்டு. கடன் பத்திரமும் வட்டிக் கணக்கும் எழுதிய அந்தக் கூல்தெப்பே குடும்பங்கள் தங்கள் இறந்தோரை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். சத்தால்ஹூயுக்குக்கும் இவர்களுக்கும் நாலாயிரம் ஆண்டுகளுக்கும் அதிகமான இடைவெளி. இடையில் உலோகம், சக்கரம், எழுத்து, நகரம் எல்லாம் வந்துவிட்டன. ஆயினும், இறந்தவர்களைப் பிரியாமல் அவர்களுக்கு மேலேயே உண்டு உறங்கும் வாழ்க்கை இரு ஊர்களிலும் இருந்திருக்கிறது. (இந்தக் கட்டடமே ஒரு காலத்தில் அங்காரா ஆட்டு மயிர்த் துணி விற்ற சந்தை என்பதை அறிந்து துணி விற்ற அந்த அசீரிய வணிகர்களின் கடிதங்களைப் பார்ப்பது தனி நிறைவைத் தரும்.)

வேறுபாடுகளையும் இங்கேயே காணலாம். அதற்கு இரண்டு குத்துவாள்களை ஒப்பிட்டால் போதும். சத்தால்ஹூயுக்கினுடையது மெல்லிய அலைகளாகச் செதுக்கிய தீக்கல் அலகும், சுருண்ட பாம்பைப் போல வடித்த எலும்புக் கைப்பிடியும் கொண்டது. அலஜாஹூயுக்கினுடையது பொன் கைப்பிடியும் இரும்பு அலகும் கொண்டது. இரும்பை உருக்கத் தெரியாத காலத்தில் விண்கல்லிலிருந்து எடுத்த இரும்பு அது. கைவினைத் திறனில் எது உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பொன்னும் விண்ணிரும்பும் ஒரு சிலருடைய கல்லறைகளில் குவிந்திருக்கின்றன. சத்தால்ஹூயுக்கில் வீடுகளுக்கிடையே அத்தகைய பெரிய ஏற்றத்தாழ்வு தென்படவில்லை. ஆண், பெண் இருபாலரின் விலா எலும்புகளிலும் அடுப்புப் புகைக்கரி ஒரே மாதிரி படிந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். நாகரிகம் புதிதாகக் கொண்டுவந்தது கலையை அல்ல, அரசகுலத்தையும் அதற்கான செல்வக் குவிப்பையும்தான் என்று இந்தப் பேழைகளின் முன் நின்றபோது எனக்குத் தோன்றியது.

பிரிஜியர் பகுதியில் அவர்களுடைய தலைநகரான கோர்டியோனின் மரச்சாமான்கள் அருமையானவை. உரார்ட்டியரைச் சற்று விரைவாகக் கடக்கலாம். கீழ்த்தளத்தின் கிரேக்க, ரோமானியப் பொருள்களை நேரமிருந்தால் பார்க்கலாம். அரை நாளை முழுமையாக ஒதுக்குங்கள். கோட்டைக்கு ஏறும் சரிவு செங்குத்தானது என்பதால் முதியவர்கள் வாசல்வரை டாக்சியில் வருவது நல்லது. வாய்ப்புள்ளவர்கள் மறுநாள் அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் கோன்யாவுக்குச் சென்று, அங்கிருந்து வண்டியில் சத்தால்ஹூயுக் மேட்டையும் பார்த்துவிடலாம். அகழப்பட்ட வீடுகள் அங்கே பெரிய கூரைகளின் கீழ் பாதுகாக்கப்பட்டுள்ளன; படுக்கை மேடைகளின் உயரத்தையும் அடுப்பின் இடத்தையும் அங்குதான் சரியாக மனத்தில் வாங்கிக்கொள்ள முடியும். ஆனால் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். புகழ்பெற்ற பொருள்கள் பலவும் அங்காராவில் இருப்பதால், இந்த வரிசை மாறினால் மேட்டில் வெறும் மண்சுவர்கள் மட்டுமே தெரியும்.